ஒட்டகம் சுமந்த மருத்துவமனையும் பழனிமலை டோலியும்

'ஆம்புலன்ஸ்' என்னும் சொல் இன்று எழுத்தறியாத நம் தாய்மார்களின் நாவிலும் தடையின்றிப் புழங்குகிறது. சுழலும் விளக்கும் அலறும் ஒலியும் கொண்ட ஒரு வாகனம் என்றே அச்சொல்லுக்கு நாம் பொருள் கொள்கிறோம். அது பிறந்த பிரெஞ்சு மொழியில் தொடக்கத்தில் வாகனம் என்ற பொருளே அதற்கு இருக்கவில்லை. படையோடு சேர்ந்து நகரும் மருத்துவமனை என்பதே அதன் மூலப்பொருள். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டி என்பது பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். அரபியிலோ இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள்ளன. இடைக்கால நூல்கள் 'அல்பீமாரிஸ்தானுல் மஹ்மூல்' என்று கூறும். சுமந்து செல்லப்படும் மருத்துவமனை என்பது அதன் பொருள். இன்றைய அரபு நாடுகளில் ஆம்புலன்ஸை 'இஸ்ஆஃப்' என்பர். துன்பத்தில் உள்ளவனுக்குத் துணைசெய்தல் என்று அதற்குப் பொருள்.

நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது ஒன்று. மருத்துவத்தை நோயாளி கிடக்கும் இடத்துக்குக் கொண்டு செல்வது மற்றொன்று. சமவெளி நகரங்களில் வாழ்வோருக்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. பழனி மலைத்தொடரில் வாழ்வோருக்கு உயிரே இவ்வேறுபாட்டில்தான் தொங்கிக் கொண்டிருக்கிறது.

கொடைக்கானலிலிருந்து வில்பட்டியைக் கடந்து சென்றால் பள்ளங்கி என்னும் ஊர் வரும். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த நிலங்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காய்கறிகளும் விளைவிக்கும் உழைப்பாளிகளின் ஊர் அது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இத்தகைய ஊர்களின் விளைச்சலே. கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புவோர் இவ்வூர்களை எட்டிப் பார்ப்பதில்லை. வளைந்து நெளியும் மலைச்சாலைகளே இவ்வூர்களை வெளியுலகோடு இணைக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தாலோ, மரம் முறிந்து விழுந்தாலோ, மாசி, பங்குனியில் காடு பற்றிக்கொண்டாலோ அந்த இணைப்பு அறுந்துபோகிறது. தனியொரு நோயாளிக்கே இந்நிலை என்றால், ஒரே நேரத்தில் முப்பது பேர், ஐம்பது பேர் அடிபட்டுக் கிடக்கும் பேரிடரில் என்ன செய்வது? இவ்வினாவை முன்வைத்தே நம் வரலாற்றின் சில ஏடுகளை இங்கே புரட்டிப் பார்க்க விரும்புகிறோம்.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். உலகிலுள்ள எல்லாவற்றையும் நம் முன்னோரே கண்டுபிடித்தனர் என்று முழங்குவது நம் மேடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆம்புலன்ஸைக் கண்டுபிடித்ததும் முஸ்லிம்களே என்னும் பேச்சை நாமே பலமுறை கேட்டிருக்கிறோம். வரலாறு அவ்வாறு நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. நம் முன்னோர் செய்ததை உள்ளது உள்ளபடி அறிந்தாலே போதும். அதுவே நம்மைத் தலைநிமிரவும் செய்யும், தலைகுனியவும் செய்யும்.

மதீனத்துக் கூடாரம்

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருகிலிருந்து அடிக்கடி நலம் விசாரிப்பதற்கு ஏதுவாக அவர்களைப் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரத்தில் வைத்தார்கள் என்னும் செய்தி ஸஹீஹுல் புகாரியில் காணக் கிடைக்கிறது. அக்கூடாரத்துக்குரியவரின் பெயரை வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் தருகிறார். அஸ்லம் குலத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியே அவர். காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்வதையும், கவனிப்பாரற்றுக் கிடப்போருக்குப் பணிவிடை புரிவதையும் இறைவனிடம் நன்மை நாடித் தம் பணியாகக் கொண்டவர்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது 'உலகின் முதல் செவிலி' என்ற பட்டத்தை நம்மவர் சூட்டுவர். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்பை உற்று நோக்கினால், ஸஅத் (ரலி) அவர்கள் காயமுற்ற பின்னர் மருத்துவம் அறிந்தவரைத் தேடி யாரும் அலையவில்லை என்பது புலப்படும். அறிந்தவர் இன்னார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய இடமும் தெரிந்திருந்தது. அண்ணலார் செய்ய வேண்டியிருந்தது ஒரு கட்டளை மட்டுமே.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் ஜிஹாத் பகுதியில், போரில் காயமுற்றோருக்குப் பெண்கள் மருத்துவம் செய்தல் பற்றி ஒரு தலைப்பும், காயமுற்றோரையும் உயிரிழந்தோரையும் பெண்கள் சுமந்து கொண்டுவந்து சேர்த்தல் பற்றி மற்றொரு தலைப்பும் அமைத்துள்ளார்கள். முஅவ்வித் (ரலி) அவர்களின் மகளார் ருபய்யிஃ (ரலி), தாமும் பிற பெண்களும் படைவீரர்களுக்குத் தண்ணீர் புகட்டியதையும், அடிபட்டோரை மதீனாவுக்குக் கொண்டுவந்ததையும் அங்கே அறிவிக்கிறார்கள். உம்மு அத்திய்யா (ரலி) அவர்கள் அண்ணலாரோடு ஏழு போர்களுக்குச் சென்று இப்பணி புரிந்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மருத்துவம் செய்வது ஒரு பணி, சுமந்து செல்வது வேறொரு பணி என்று இமாமவர்கள் பிரித்துத் தலைப்பிட்டிருப்பது சிந்தனைக்குரியது. நாம் இந்த ஹதீஸ்களை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கிறோம். நம் ஜமாஅத்துகளின் மீட்புக் குழுக்களில் பயிற்சி பெற்ற பெண்கள் எத்தனை பேர் உள்ளனர் என்ற கேள்வி அப்போது வகுப்பில் எழுவதில்லை.

வஸீரின் கடிதம்

அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரின் ஆட்சிக்காலத்தில் (கி.பி. 908-932) வஸீராக இருந்த அலீ இப்னு ஈஸா, பக்தாதின் தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு எழுதிய கடிதங்களை இப்னுல் கிஃப்தியும் இப்னு அபீ உஸைபிஆவும் பதிவு செய்துள்ளனர். ஒரு கடிதம் சிறைக் கைதிகளைப் பற்றியது. மற்றொன்று இராக்கின் சவாது என்னும் கிராமப்புறத்தைப் பற்றியது. அங்கே நோயாளிகள் இருப்பர், மருத்துவர் இருக்கமாட்டார். ஆகவே மருத்துவர்களை மருந்துப் பெட்டகத்தோடு அனுப்ப வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் தேவையான காலம் தங்கி மருத்துவம் செய்துவிட்டு அடுத்த ஊருக்கு அவர்கள் செல்ல வேண்டும் என்பது அதன் கருத்து.

அம்மருத்துவர்கள் ஸூரா என்னும் ஊரை அடைந்தபோது அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் யூதர்களாக இருக்கக் கண்டனர். அவர்களுக்கும் மருத்துவம் செய்வதா, கடந்து செல்வதா என்று ஸினான் எழுதிக் கேட்டார். பக்தாது மருத்துவமனையில் அனைவருக்கும் மருத்துவம் செய்வதே வழக்கம் என்பதையும் அவர் குறிப்பிட்டார். ஸினானே ஹர்ரான் நகரத்து ஸாபியீன் குடும்பத்தில் பிறந்தவர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. வஸீர் தந்த விடை: அவர்களுக்கும் மருத்துவம் செய்க, கால்நடைகளுக்கும் செய்க, ஆயின் விலங்குகளுக்கு முன் மனிதர்கள், பிற சமயத்தாருக்கு முன் முஸ்லிம்கள் என்ற வரிசையைக் கொள்க.

இக்கடிதத்தின் முற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டி நிறுத்திக்கொள்வோர் உண்டு. பிற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டிக் குறைகூறுவோரும் உண்டு. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். மருந்தும் மருத்துவரும் குறைவாக இருந்து நோயாளிகள் மிகுந்திருந்தால் யாருக்கு முதலிடம் என்னும் கடினமான வினாவை ஓர் அரசு பத்தாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் எதிர்கொண்டிருக்கிறது. அது தந்த விடை அக்காலத்து அரசியலின் விடை. அவ்வினாவுக்கு நாம் தரவேண்டிய விடைக்குப் பின்னர் வருவோம்.

அடுத்த இரு நூற்றாண்டுகளில் இம்முயற்சி படைகளோடு சேர்ந்து நடக்கத் தொடங்கியது. ஸல்ஜூக் சுல்தான் மஹ்மூதின் (ஆட்சி 1118-1131) பாசறையில் நாற்பது ஒட்டகங்கள் சுமந்து சென்ற ஒரு மருத்துவமனை இருந்தது. அந்தலுஸ் வழிவந்த மருத்துவரும் கவிஞருமான அபுல் ஹகம் அதில் பணியாற்றினார். இப்னு கல்லிகான் இதனைக் குறிப்பிடுகிறார். வேறு நூல்களில் இதைவிடப் பெரிய எண்ணும் காணப்படுகிறது; நமக்கு நாற்பதே போதும். நாற்பது ஒட்டகங்களைத் தேர்ந்து, தீனியிட்டு, ஓட்டுநர் அமர்த்தி, எந்தப் பெட்டி எந்த ஒட்டகத்தில் என்று வகுத்து வைப்பது போர் மூண்ட பின்னர் செய்யக்கூடிய வேலையன்று.

ஏறத்தாழ அக்காலத்தில் வாழ்ந்து 1111ஆம் ஆண்டு மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்விப் பகுதியில் மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயா என்று வகுக்கிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை. ஆயினும் மாணவர்கள் ஃபிக்ஹின் வாதப் பிரதிவாதங்களிலேயே முண்டியடிக்கின்றனர் என்று கடிந்துகொள்ளவும் செய்கிறார்கள். பர்ளு கிஃபாயா என்றால் சிலர் செய்தால் மற்றவர்மீது கடமை நீங்கிவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அச்சிலர் அப்பணியைச் செய்து முடிக்கும் ஆற்றலோடு இருந்தால்தான் கடமை நீங்கும். வாகனம் வாங்கிவிட்டதால் நீங்கிவிடாது.

போர்க்களத்திலிருந்து தெருவுக்கு

ஐரோப்பாவில் 1790களில் பிரெஞ்சுப் படை மருத்துவர் லாரே, காயமுற்றோரைச் சண்டை நடக்கும்போதே தூக்கிவரும் இலேசான குதிரை வண்டிகளை அமைத்தார். 1798இல் நெப்போலியனோடு எகிப்து சென்றபோது வண்டி ஓடாத மணலில் ஒட்டகத்தின் இருபுறமும் பெட்டிகளைத் தொங்கவிட்டு அவற்றில் காயமுற்றோரைக் கிடத்தினார். லாரேயின் பெரும்புகழுக்குக் காரணம் வண்டியன்று. தளபதியா சிப்பாயா, நம்மவனா எதிரியா என்று பாராமல் காயத்தின் கடுமையை மட்டுமே பார்த்து வரிசைப்படுத்த வேண்டும் என்னும் நெறியை அவர் போர்க்களத்தில் நடைமுறைப்படுத்தினார். இன்றைய பேரிடர் மருத்துவத்தின் கருவே இதுதான். 1859இல் ஸோல்ஃபெரினோ போர்க்களத்தைக் கண்ட ஹென்றி துனாந்தின் முயற்சியால் 1863இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1876இல் தொடங்கிய போர்க்காலத்தில் உதுமானியர் சிலுவைக்கு மாற்றாகச் செம்பிறையைத் தம் அடையாளமாகக் கொண்டனர்.

இந்திய வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் நமக்கு நெருக்கமானவை. 1899ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது காந்தியடிகள் இந்திய ஆம்புலன்ஸ் படையொன்றைத் திரட்டினார். ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட அப்படையில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகள். அவர்களுள் தமிழர் மிகுதி. டாக்டர் பூத் என்னும் பாதிரியாரிடம் முன்கூட்டியே பயிற்சி பெற்ற தொண்டர்கள் அதற்குத் தலைமை ஏற்றனர். காயமுற்றோரைத் தூக்குக்கட்டிலில் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு இருபது மைலுக்கு மேலும் நடந்தனர். கரும்புத் தோட்டத்துக் கூலிகள் என்று இகழப்பட்ட தமிழரின் தோள்கள் செய்த இப்பணிக்கு நம் பாடநூல்களில் ஒரு வரிக்கு மேல் இடம் இல்லை.

மற்றொன்று பால்கன் போர். 1912 டிசம்பரில் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்ஸாரியின் தலைமையில் ஒரு மருத்துவக் குழு பம்பாயிலிருந்து துருக்கிக்குக் கப்பலேறியது. மௌலானா முஹம்மது அலீ 'காம்ரேடு' இதழின் வாயிலாக நிதி திரட்டினார். குழுவினர் 1913இன் நடுப்பகுதியில் நாடு திரும்பினர். அவர்களுள் பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் என்னும் இளைஞர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். பின்னாளில் துருக்கியின் தூதராக ஆப்கானிஸ்தானில் பணியாற்றி, 1925இல் இஸ்தான்பூலில் சுடப்பட்டு இறந்தார். அவர் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. அன்ஸாரி குழுவினரிடம் நாம் காண்பது உணர்ச்சியும் தொழில்திறனும் ஒருங்கே அமைந்த அரிய நிலை. துருக்கிக்காகக் கண்ணீர் சிந்தியோர் அன்று பல இலட்சம். கட்டுப்போடத் தெரிந்தோர் ஒரு கப்பலில் சிலரே.

அமைதிக்காலத்துத் தெருவில் இப்பணியைப் பெருக்கியவர் அப்துஸ் ஸத்தார் ஈதி (1928-2016). குஜராத்தின் பாந்த்வாவில் பிறந்து பிரிவினையில் கராச்சிக்குப் பெயர்ந்தவர். 1957இல் ஃபுளூ காய்ச்சல் பரவியபோது கூடாரங்கள் அமைத்தார். பின் ஒரு பழைய வேனை வாங்கித் தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வேன் உலகின் மிகப்பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் அணியாக வளர்ந்தது.

தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஆந்திரத்தில் 2005இலேயே தோன்றியிருந்த முறை அது. இன்று தமிழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர மருத்துவத்தை அரசே ஏற்கிறது. இவற்றுக்குச் சற்று முன்னரும் உடனாகவும் முஸ்லிம் அமைப்புகள் தமிழகமெங்கும் ஆம்புலன்ஸ்களை ஓட்டி வருகின்றன. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் வாகனங்களை அறியாத ஊர் குறைவு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது நாகூரிலும் பரங்கிப்பேட்டையிலும் ஜமாஅத்தினர் மீனவச் சகோதரர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்ததும், இறந்தோரை நல்லடக்கம் செய்ததும் நாடறிந்த செய்தி. இறந்தோருக்குச் செய்யும் கடமையில் நம் சமுதாயம் என்றுமே குறை வைத்ததில்லை. உயிரோடு கிடப்பவனை முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதில்தான் நாம் போதிய கவனம் செலுத்தவில்லை.

மலை கற்பித்தது

இனி மலைக்குத் திரும்புவோம். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடுகள் கட்டியபோது மலைமீது ஏறச் சாலை இல்லை. பெரியகுளத்துக்கு அருகிலிருந்து மேலேறும் மலைப்பாதையில் வெள்ளையர்களும் அவர்தம் குடும்பத்தாரும் நாற்காலியிலும் டோலியிலும் அமர, கூலியாட்கள் அவர்களைத் தோளில் சுமந்து ஏற்றினர். மேஜர் லா என்பவர் 1870களில் தொடங்கிய வத்தலக்குண்டு மலைச்சாலை முற்றுப்பெற்று மோட்டார் வாகனம் ஏறுவதற்கு இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் செல்வர்களுக்கு டோலி தேவைப்படவில்லை.

டோலி மட்டும் மறையவில்லை. அப்பழைய பாதையில் உள்ள வெள்ளகெவி என்னும் ஊர் கொடைக்கானலைவிடப் பழமையானது என்பர். நூறாண்டுக்கு மேலாகக் கொடைக்கானலுக்குக் கார்கள் ஏறி இறங்கிக் கொண்டிருந்தும், வெள்ளகெவி மக்கள் தம் நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் மூங்கிலில் போர்வையைக் கட்டித் தோளில் சுமந்தே வந்துள்ளனர். சின்னூர், பெரியூர் மக்களின் கதையும் இதுவே. காட்டாற்றில் வெள்ளம் வந்தால் தோளும் பயன்படாது. ஒரு காலத்தில் நலமாக இருந்த செல்வர்களை மேலே ஏற்றிய அதே டோலி, நோயுற்ற ஏழைகளைக் கீழே இறக்கிக் கொண்டிருக்கிறது. மலைநாட்டின் முதல் ஆம்புலன்ஸ் இந்த டோலிதான். அதைச் சுமப்போரே முதல் மீட்பர்கள். அவர்களுக்குச் சீருடை இல்லை. எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.

2018 மார்ச் 11 அன்று பழனி மலைக்குத் தெற்கே, போடிக்கு அருகிலுள்ள குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்களும் பெண்களும் அவர்கள். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வந்து நின்றன. தீக்காயமுற்றோரோ வண்டி ஏறமுடியாத சரிவில் கிடந்தனர். அவர்களை முதலில் எட்டியவர்கள் சுற்றுவட்டாரத்து மக்களும் தோட்டத் தொழிலாளர்களுமே. போர்வையிலும் டோலியிலும் வைத்து அவர்கள் இருளில் சுமந்து இறக்கினர். விமானப்படை ஹெலிகாப்டர்களின் பணி மறுநாள் விடிந்த பின்னரே முழுமையாக நடந்தேறியது. ஒன்பது பேர் மலையிலேயே இறந்தனர். மருத்துவமனைகளில் இறந்தோரையும் சேர்த்தால் எண்ணிக்கை இருபதைக் கடந்தது.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்த நிலச்சரிவிலும் இதே நிலைதான். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அப்பேரிடரில் இரு ஊர்களையும் இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. இராணுவத்தினர் தற்காலிகப் பாலம் அமைக்கும் வரை அக்கரையில் கிடந்தோருக்கு வாகனத்தால் பயனில்லை. பாலம் ஒன்று போய்விட்டால் நூறு ஆம்புலன்ஸும் ஒன்றுதான், ஒன்றுமில்லாததும் ஒன்றுதான்.

இவற்றிலிருந்து பேரிடர் மருத்துவ அறிஞர்கள் சொல்வது நமக்கு எளிதில் விளங்கும். சாதாரண நாளில் ஆம்புலன்ஸின் வேலை ஏற்றிக்கொண்டு விரைவது. பேரிடர் நாளில் முதலில் வந்து சேரும் ஆம்புலன்ஸின் வேலை யாரையும் ஏற்றாமல் இருப்பது. இது கேட்போருக்கு வியப்பாக இருக்கும். முதல் வண்டியில் வருபவர் கண்ணில் பட்ட முதல் காயக்காரனை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டால், எத்தனை பேர் கிடக்கின்றனர், எந்தப் பாதை திறந்திருக்கிறது, இன்னும் எத்தனை வண்டி வேண்டும் என்பதைச் சொல்ல ஆள் இல்லாமற் போகும். அலறக்கூடியவன் முதலில் ஏற்றப்படுவான். அலறவும் வலுவற்றவன் கிடந்து இறப்பான். செய்தி கேட்டுப் புறப்படும் எல்லா வண்டிகளும் ஒரே மலைச்சாலையில் நுழைந்தால் இறங்கும் வண்டிக்கு வழி இராது. கோடையில் சுற்றுலா வண்டிகளின் நெரிசல் தாங்காமல், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. அத்தகைய சாலையில் பேரிடர் நாளில் யார் ஏறுவது, யார் எங்கே காத்திருப்பது என்பதை முன்பே வகுத்து வைக்காவிட்டால் நல்லெண்ணமே இடையூறாகிவிடும். காயமுற்றோர் அனைவரையும் கொடைக்கானல் அரசு மருத்துவமனையிலேயே குவித்தாலும் துன்பமே. இவரைத் தேனிக்கு, இவரைத் திண்டுக்கல்லுக்கு, இவரை மதுரைக்கு என்று பகிர்ந்தனுப்ப ஒருவர் இருக்க வேண்டும்.

வரிசைப்படுத்தும் முறை கடினமன்று. 1983இல் கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து வகுத்த முறை உலகெங்கும் பரவியுள்ளது. நடக்கக்கூடியவர்களை ஓர் இடத்துக்கு நடந்துவரச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பச்சை அட்டை. நடக்க இயலாதோரில் மூச்சு மிக விரைவாக ஓடுபவருக்கும், நாடி தளர்ந்தவருக்கும், 'கையை அழுத்து' என்றால் அழுத்த இயலாதவருக்கும் சிவப்பு. எஞ்சியோருக்கு மஞ்சள். மூச்சுக்குழல் திறந்து பார்த்தும் மூச்சு இல்லாதவருக்குக் கறுப்பு. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பள்ளங்கியின் பூண்டு வயலில் வேலை செய்யும் இளைஞனோ பெண்ணோ இரண்டு நாளில் கற்றுக்கொள்ளக்கூடியது இது.

கறுப்பு அட்டை

மனத்தை உலுக்குவது அந்தக் கறுப்பு அட்டைதான். அதைக் கட்டுபவர் ஒரு மருத்துவராகக்கூட இருக்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். கட்டப்படுபவன் அவருடைய தம்பியாக இருக்கக்கூடும். ஒருவனை விட்டுவிட்டு மற்றொருவனிடம் செல்வது பாவமா என்று அவர் வாழ்நாள் முழுதும் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டிருப்பார். இவ்வினாவுக்கு விடைகூற வேண்டியவர்கள் மருத்துவர்கள் மட்டுமல்லர், மார்க்க அறிஞர்களும்தான்.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 660) தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் நன்மைகள் ஒன்றோடொன்று மோதும்போது எதை முற்படுத்துவது என்று ஆராய்கிறார்கள். தண்ணீரில் மூழ்குபவனைக் காப்பாற்றுவதைத் தொழுகையை நிறைவேற்றுவதற்கு முற்படுத்த வேண்டும். தொழுகையைப் பின்னர் நிறைவேற்றிக்கொள்ள வழியுண்டு, போன உயிரை மீட்க வழியில்லை என்பது அவர்களின் வாதம். ரமளானில் நோன்பை விட்டால்தான் மூழ்குபவனைக் காப்பாற்றும் வலிமை கிட்டும் என்றால் நோன்பை விட வேண்டும் என்றும் கூறுகிறார்கள். இவ்வாதத்தின் அச்சாணி, இழந்தால் மீட்க முடியாதது எது என்னும் கேள்வி. சிவப்பு அட்டைக்கு முதலிடம் தருவதும் இதே கேள்வியைக் கொண்டுதான். காத்திருக்கக்கூடியவனைக் காத்திருக்கச் செய்வதும், எட்ட முடியாதவனை விட்டு எட்டக்கூடியவனிடம் விரைவதும் உயிரைக் காத்தல் என்னும் ஷரீஅத்தின் நோக்கத்துக்கு உட்பட்டவையே என்று நாம் கருதுகிறோம்.

அலீ இப்னு ஈஸாவின் வரிசைக்கு இன்றைய மலைச்சரிவில் இடம் உண்டா? இல்லை என்பதே நம் முடிவு. நிதானமாக ஊர் ஊராகச் செல்லும் மருத்துவருக்கு ஓர் ஆட்சியாளர் வகுத்த நிர்வாக வரிசை அது. ஷரீஅத்தின் அறுதித் தீர்ப்பன்று. இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்கள் மூழ்குபவன் யார் என்று கேட்கையில், கொல்லப்படக் கூடாத, பாதுகாப்புக்குரிய உயிரா என்று மட்டுமே பார்க்கிறார்கள். அண்டை வீட்டாராக உடன்படிக்கையோடு வாழும் அனைவரும் அதற்குள் அடங்குவர். பள்ளங்கியிலோ வில்பட்டியிலோ காயமுற்றுக் கிடப்பவனின் பெயரைக் கேட்கத் தேவையில்லை. மூச்சை எண்ணினால் போதும். அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை எல்லா மேடையிலும் ஓதும் நாம் இதை எழுத்தில் தீர்ப்பாக வழங்கி மீட்புக் குழுவினர் கையில் கொடுத்தால், கறுப்பு அட்டையைக் கட்டும் கை பிற்காலத்தில் உறக்கமின்றித் தவிக்காது.

பொருள் பற்றியும் சில சொல்லியாக வேண்டும். ஆம்புலன்ஸ் அர்ப்பணிப்பு விழாவுக்குப் பந்தல் போடுகிறோம். சாவியைக் கையளிக்கும் படம் இதழ்களில் வருகிறது. மூன்றாண்டு கழித்து டயர் தேய்ந்து, ஓட்டுநருக்கு ஊதியம் தர வழியின்றி, பள்ளிவாசல் மதிலோரம் வண்டி நிற்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். ஸதகா வண்டியை வாங்கித் தரும். வண்டியை ஓட வைப்பது வக்ஃபுதான். சுல்தான் கலாவூன் 1284இல் கெய்ரோவில் எழுப்பிய மன்ஸூரி மருத்துவமனையின் வக்ஃபு ஆவணம் பணியாளர் ஊதியத்திலிருந்து நோயாளியின் கையில் தரப்படும் ஓலை விசிறி வரை செலவினத்தை வகுத்துக் கூறுகிறது. எந்தச் சொத்தின் வருவாய் எதற்கு என்று எழுதாமல் அவர்கள் ஒரு கதவைக்கூடத் திறக்கவில்லை. ஒரு கடையின் வாடகையை ஓட்டுநர் ஊதியத்துக்கும், மற்றொன்றின் வாடகையை மலையூர்களில் வைக்கும் தூக்குக்கட்டில், கட்டுத்துணி, வண்ண அட்டை, கைவிளக்கு ஆகியவற்றுக்கும் என்று வக்ஃபு செய்யும் செல்வர் நம்மிடையே இல்லாமலில்லை. அப்பெட்டியின் சாவி அவ்வூர் டோலிக்காரரிடமே இருக்க வேண்டும். அவர் எச்சமயத்தவராயினும் சரி.

அரபிக் கல்லூரிகளும் இதிலிருந்து விலகி நிற்க முடியாது. எலும்பு முறிந்தவன் தன் மூங்கிற்பத்தைக் கட்டின் மீது ஈரக்கையால் தடவி, தயம்மும் செய்து தொழும் 'ஜபீரா' சட்டத்தை நம் மாணவர்கள் தொடக்க ஆண்டுகளிலேயே ஃபிக்ஹில் ஓதிவிடுகின்றனர். கட்டை எடுத்தபின் தொழுகையை மீட்ட வேண்டுமா என்பதில் உள்ள கருத்து வேறுபாடுகளையும் ஒப்பிக்கின்றனர். அந்தப் பத்தையைக் கட்டுவதற்கு அவர்களுக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. அதற்கு ஒரு பிற்பகல் போதும். கற்றுத்தரச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் இருக்கின்றன.